கைப்பிடி முதலில், பாரம் அப்புறம்: ஒரு தோட்டத்துக் கயிறிழுத்தல் அணிக்குப் பாமர்ஸ் வோக் கருவி தேர்ந்தெடுத்த விவரம்

ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு கயிறிழுத்தல் அணி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பாமர்ஸ் வோக் பயிற்சி கொடுக்க வேண்டும், அதற்குக் கருவி வேண்டும், கையில் காசு குறைவு. என்னென்ன பார்த்தோம், எதை ஏன் விட்டோம், கடைசியில் எதைச் செய்துகொண்டோம் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். மலையகத்தில் இன்னும் பல தோட்டங்களில், பள்ளிகளில் இதே கேள்வி இருக்கிறது. யாராவது ஒருவர் தவறான சாமானுக்குக் காசைக் கொட்டாமல் தப்பினால் எனக்குச் சந்தோஷம்.

பயிற்சி மிக எளியது. இரண்டு கைகளிலும் சமமான பாரத்தைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, சின்னச் சின்ன அடியாக வைத்து, குறித்த தூரம் நடந்து, பாரத்தைப் பக்குவமாக இறக்க வேண்டும். விரல், முன்கை, தோள், முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். உலக வலியவர் போட்டிகளில் ஒரு கைக்கு நூறு கிலோவைத் தாண்டிய பாரத்தோடு ஓடுவார்கள். நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அடி மாறாமல் நடப்பதும், கை விடாமல் பிடிப்பதும்.

அணியும் அதன் குறையும்

அணியில் எல்லா வகையினரும் உண்டு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கு ஏற்றுபவர்கள், மருந்து அடிப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், உயர்தரம் படிக்கும் பையன்கள், கொழும்பில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். கால் பலத்துக்குப் பஞ்சமே இல்லை. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய், நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குபவர்களுக்குத் தனியாகக் கால் பயிற்சி எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் அவர்கள் தோற்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குதிகால் மண்ணில் பதிந்து நின்றது. முதுகும் நின்றது. கயிறு மட்டும் விரலுக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. அணித்தலைவர் அப்போதே சொல்லிவிட்டார்: "கால் நிக்குது சேர், கைதான் விட்டுடுது."

அந்த ஒரு வரிதான் பிறகு எடுத்த எல்லா முடிவுக்கும் அடிப்படை. பாரம் எவ்வளவு என்பதைவிட, கை எதைப் பிடிக்கிறது என்பதுதான் இவர்களுக்கு முக்கியம். சாதாரணமாகக் கருவி வாங்கப் போகிறவர்கள் "எத்தனை கிலோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடைக்காரரும் கிலோக் கணக்கில்தான் விலை சொல்வார். அதனால்தான் பல இடங்களில் வாங்கிய இரும்பு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பிடி கைக்குப் பொருந்தாத பாரத்தை ஒருவரும் இரண்டாம் வாரம் தொட மாட்டார்கள்.

தோட்டத்திலேயே கிடைத்தவை

முதலில் காசில்லாமல் கிடைப்பதையெல்லாம் பார்த்தோம். பையன்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள்.

20 லீற்றர் தண்ணீர்க் கேன். நிரப்பினால் தண்ணீர் மட்டும் 20 கிலோ, கேனோடு சேர்த்து 21 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். முட்ட நிரப்பினால் நல்ல கருவிதான். பாரத்தைக் குறைக்க அரைவாசி நிரப்பினால் சிக்கல்: உள்ளே தண்ணீர் அலைந்து, நடப்பவரின் அடிக்கு எதிராக இழுக்கும். பழகியவருக்கு அது தனிப் பயிற்சி, புதியவருக்கு இடுப்பு பிடிக்கிற வேலை. அதோடு கேனின் பிடி குறுகலாக வார்த்த பிளாஸ்டிக். பெரிய கைக்கு நான்கு விரலும் உள்ளே போகாது.

பெயின்ட் வாளி. 20 லீற்றர் வாளியில் காய்ந்த மணல் போட்டால் 30 கிலோவைத் தாண்டும். மணலை அள்ளிப் போட்டோ எடுத்தோ பாரத்தை மாற்றலாம், அது நல்ல வசதி. ஆனால் நம் பக்கத்து மழையில் மணல் காய்ந்தே இருக்காது. நேற்று நிறுத்த பாரம் இன்றைக்கு வேறு. இதைவிடப் பெரிய குறை வாளியின் கம்பிப் பிடி. நான்கைந்து மில்லிமீற்றர் கம்பி விரல் மடிப்பில் வெட்டும். அதைப் பிடித்து நடப்பவர் வலி தாங்காமல் இறக்குவாரே தவிர, பலம் தீர்ந்து இறக்க மாட்டார். பிடி பலம் வளர அது உதவாது.

சீமெந்துப் பை, உர மூட்டை. 50 கிலோ, பிடியே கிடையாது. மார்போடு அணைத்து நடக்கலாம். அதுவும் நல்ல பயிற்சிதான், ஆனால் அது வேறு பயிற்சி. விரலுக்கு அதில் வேலை குறைவு.

கேஸ் சிலிண்டர். ஒரு தம்பி இரண்டு 12.5 கிலோ சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேல வளையம் இருக்கு சேர், நல்லாப் பிடிக்கலாம்" என்றார். அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பினேன். வெறும் சிலிண்டர் என்று நாம் நினைப்பதில் வாயு மிச்சம் இருக்கும். களைத்த கையிலிருந்து அது நழுவி, வால்வு கல்லில் அடிபட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க முடியாது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வாயு சிலிண்டரைப் பயிற்சிக்குத் தூக்காதீர்கள்.

கொன்கிரீட் வார்ப்பது பற்றியும் பேசினோம். 10 லீற்றர் வாளியில் கொன்கிரீட் ஊற்றினால் ஏறத்தாழ 24 கிலோ வரும். ஈரமாக இருக்கும்போதே வளைத்த பைப்பைப் பிடியாகச் செருகிவிட்டால் பிடிப் பிரச்சினை தீரும். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் அணிக்கு ஒத்துவரவில்லை. ஆளுக்கு ஆள் எடை வேறு, கருவி எல்லாருக்கும் ஒன்று. வார்த்த கல்லின் பாரத்தை மாற்ற முடியாது.

இந்தக் கட்டத்தில் ஒருவர் கேட்டார்: சோடி இல்லாவிட்டால் என்ன, ஒரு கையில் மட்டும் ஒரு பெரிய பாரத்தைத் தூக்கி நடந்தால் போதாதா? இதற்குப் பதில் சொல்ல நல்ல ஆய்வு இருக்கிறது. கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டுவர்ட் மெக்கில்லும் அவர் குழுவும் 2013இல் வெளியிட்டது. ஒரு கையில் 30 கிலோ தூக்கி நடக்கும்போது இடுப்புப் பகுதி முதுகெலும்பில் விழும் அழுத்தம், இரண்டு கைகளிலும் 30 கிலோ வீதம் தூக்கி நடக்கும்போது விழுவதைவிட அதிகமாக இருந்தது. மொத்தப் பாரம் இரட்டிப்பானாலும் சமமாகப் பகிர்ந்தால் முதுகு பிழைக்கிறது. ஒற்றைக் கைச் சுமைக்கும் பயிற்சியில் இடம் உண்டு, ஆனால் குறைந்த பாரத்தில், பழகிய பிறகு. வேலையிலேயே முதுகு தேய்கிறவர்களுக்கு நான் அதைத் தொடக்கமாகக் கொடுக்க மாட்டேன்.

கடையில் கிடைப்பவை

அடுத்து விலைக்கு வாங்கக்கூடியவை. 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் இருந்தது, அந்த வருடம் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. வெளிநாட்டு உடற்பயிற்சிச் சாமான்களின் விலை அதற்குப் பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் யோசித்தோம்.

கெட்டில்பெல், அதாவது மேலே பிடி வைத்த இரும்புக் குண்டு, எனக்குப் பிடித்த கருவி. உருவம் சின்னது, ஒற்றையடிப் பாதையிலும் கொண்டு நடக்கலாம், கீழே வைத்தால் உருளாது. போட்டித் தரக் கெட்டில்பெல்லில் பிடியின் தடிப்பு பெரும்பாலும் 33 அல்லது 35 மில்லிமீற்றர், எடை கூடினாலும் பிடி மாறாது. குறை என்னவென்றால் ஒவ்வொரு எடைக்கும் தனிச் சோடி வாங்க வேண்டும். 16இல் தொடங்கி 20, 24, 28, 32 என்று ஏறுவதற்குள் ஒரு ஆட்டோவின் முற்பணம் போய்விடும்.

கழற்றிப் பூட்டும் டம்பெல்லும் பார்த்தோம். பிடி 25 முதல் 28 மில்லிமீற்றர் வரை, மெல்லியது. தட்டுகள் தொடையில் இடிக்கும். 25 கிலோவுக்கு மேல் ஏற்ற இடமும் இருக்காது. தொடக்கத்துக்கு மட்டும் சரி.

டிராப் பார் என்ற அறுகோணச் சட்டத்தைப் பற்றி அணித்தலைவர் மிகவும் ஆசையோடு பேசினார். கொழும்பில் அவர் போன ஜிம்மில் இருந்ததாம். ஆள் நடுவில் நின்று, இரண்டு பக்கப் பிடிகளையும் பிடித்துத் தூக்குவது. தூக்குவதற்கு அருமையான கருவி, முதுகுக்கும் நல்லது. ஆனால் நடப்பதற்கு அது பாதி வேலையைத்தான் தரும். இரண்டு பிடிகளும் ஒரே சட்டத்தில் பூட்டியிருப்பதால், ஒரு பக்கம் ஆடினால் மறுபக்கம் அதைத் தாங்கிக்கொள்ளும். தனித்தனிக் கருவியில் ஒவ்வொரு கையும் தன் பாரத்தைத் தானே அடக்க வேண்டும். எங்கள் குறை கையில் என்பதால் கையின் வேலையைக் குறைக்கும் கருவி வேண்டாம் என்றேன். பிடிகளுக்கு இடையிலான அகலமும் மாறாது. உயரம் குறைந்த பெண்களுக்குக் கை விரிந்து நிற்கும், தோள் சீக்கிரம் களைக்கும்.

பாமர்ஸ் வோக்குக்கென்றே செய்யும் சட்டம் வெளிநாட்டில் விற்கிறார்கள். ஒன்றரை மீற்றர் வரை நீளம், நடுவில் பிடி, இரு முனையிலும் தட்டுகள். வாங்கும் விலை இல்லை. ஆனால் பார்த்ததும் வெல்டிங் பாஸ் (பட்டறைக்காரர்) சொன்னார்: "இதுல என்னா இருக்கு, ஒரு மத்தியானத்து வேல."

பட்டறையில் செய்தது

இங்கே கொஞ்சம் நின்று விவரமாகச் சொல்ல வேண்டும். காசு மிச்சமானதும் கருவி சரியாக வந்ததும் இந்த இடத்தில்தான்.

பிடிக்கு எந்தப் பைப்? சர்வதேசக் கயிறிழுத்தல் சம்மேளனத்தின் விதிப்படி போட்டிக் கயிற்றின் சுற்றளவு 10 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, 12.5 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. அதை விட்டமாக மாற்றினால் ஏறத்தாழ 32 முதல் 40 மில்லிமீற்றர். ஹாட்வெயார் கடையில் "1 அங்குல ஜிஐ பைப்" என்று கேட்டு வாங்கும் நாகப் பூச்சு இரும்புக் குழாயின் வெளி விட்டம் 33.7 மில்லிமீற்றர். அங்குலக் கணக்கு உள்துவாரத்தை வைத்துச் சொல்வது, கைக்குப் படுவது வெளிப்பக்கம். ஆக, கடையில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் பைப் கயிற்றின் தடிப்புக்குள் கச்சிதமாக விழுகிறது. இதைக் கணக்குப் பார்த்துச் சொன்னபோது பையன்கள் கயிற்றைக் கொண்டுவந்து பைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் பிடி பற்றிய வாதமே இல்லை.

சிலர் இன்னும் தடிப்பாக, 1½ அங்குலப் பைப் போடலாம் என்றார்கள். அதன் வெளி விட்டம் 48 மில்லிமீற்றர். கை பாதி திறந்தபடியே பிடிக்க வேண்டும், விரலுக்குக் கடுமையான வேலை. ஆனால் பிடி அவ்வளவு தடித்தால் தூக்கும் பாரம் விழுந்துவிடும், காலுக்கும் முதுகுக்கும் ஒன்றும் மிஞ்சாது. பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றினால் எந்தப் பிடியையும் தடிப்பாக்கலாம். மெல்லியதாக்க முடியாது. அதனால் அளவானதிலிருந்தே தொடங்குவது நல்லது.

தட்டுகளைப் பொறுத்தே அடிச்சட்டம். பழைய இரும்புக் கடையில் எங்களுக்குக் கிடைத்த வார்ப்பிரும்புத் தட்டுகள் சின்னத் துவாரம் கொண்டவை, 28 மில்லிமீற்றர். ஒலிம்பிக் தட்டுகளின் துவாரம் 50 மில்லிமீற்றர். இந்த இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு அவதிப்படுகிறவர்கள் நிறைய. எங்கள் தட்டுக்கு 25 மில்லிமீற்றர் திண்மக் கம்பி பொருந்தியது, ஒரு மீற்றருக்கு 3.85 கிலோ. கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி வேண்டாம். அதன் வரிகளில் தட்டு சிக்கும். வழுவழுப்பான மைல்ட் ஸ்டீல் கம்பிதான் வேண்டும். ஒரு சட்டத்துக்கு 1.1 மீற்றர் வெட்டினோம். கடைகளில் விற்பதைவிடக் குட்டை. மேட்டில் முன்முனை மண்ணில் குத்தாமல் இருப்பதற்கு அதுவே வசதி.

பிடியைக் கம்பியிலேயே வைக்காமல், இரண்டு பட்டைக் கம்பிகளை நிறுத்தி அதற்கு மேலே 20 சென்ரிமீற்றர் உயரத்தில் பற்றவைத்தோம். இதற்குக் காரணம் உண்டு. பாரத்தின் நடுப்புள்ளி கைக்குக் கீழே தொங்கினால், சட்டம் முன்னும் பின்னும் சாய்ந்தாலும் தானாக நேராகும். பிடியும் பாரமும் ஒரே கோட்டில் இருந்தால், கை ஒரு விரலளவு தள்ளிப் பிடித்தாலே ஒரு முனை தாழ்ந்து, நடை முழுவதும் மணிக்கட்டு அதோடு சண்டை போடும். இன்னொரு நன்மை தூக்கும் உயரம். அடியில் சின்னக் கால்கள் வைத்ததால் கம்பி தரையிலிருந்து 18 சென்ரிமீற்றர், பிடி 38 சென்ரிமீற்றர். பெரிய 450 மில்லிமீற்றர்த் தட்டுப் போட்ட சாதாரண பார்பெல்லில் பிடி 22.5 சென்ரிமீற்றரில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து முள்ளுக் குத்திவிட்டு (மண்ணைக் கிளறிவிட்டு) வருகிறவரை அவ்வளவு கீழே குனிந்து பாரம் தூக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

பாஸ் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருந்தார், நானும் அதை வலியுறுத்துகிறேன். ஜிஐ பைப்பில் நாகப் பூச்சு இருக்கிறது. அதன்மேல் நேரே வெல்டிங் அடித்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் பிடிக்கும். வெல்டிங் படும் முனைகளில் மட்டும் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, திறந்த வெளியில் வைத்து அடித்தார். கை படும் நடுப்பகுதியில் பூச்சை விட்டுவைத்தோம். நம் மூட்டத்தில் வெறும் இரும்பு ஒரே வாரத்தில் துரு ஏறும். சட்டத்தின் மற்றப் பகுதிக்கு ரெட் ஒக்சைட் அடித்தார். பிடிக்குப் பெயின்ட் கூடாது. வியர்வை பட்டதும் வழுக்கும், உரிந்து கையில் ஒட்டும்.

ஜிஐ பைப் வழவழப்பாகத்தான் இருக்கும். லேத்தில் கொடுத்துச் சுரசுரப்பான வெட்டுப் போடலாம் என்று யோசித்தோம், செலவு கூடியது. கிரைண்டரால் லேசாகக் குறுக்குக் கீறல் போட்டு, கூர் தட்டாமல் உரசிவிட்டார். மழை நாளில் துணியால் துடைத்து, மக்னீசியம் காபனேற் தூள் பூசிக்கொள்கிறார்கள். கையுறையும் மணிக்கட்டுப் பட்டியும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். போட்டியில் வெறுங்கைதான், பயிற்சியிலும் வெறுங்கையே.

செய்து முடித்ததும் இரண்டு சட்டங்களையும் கொழுந்து மடுவத்துத் தராசில் நிறுத்தோம். ஒன்று ஆறரைக் கிலோ, மற்றது 200 கிராம் குறைவு. குறைந்ததன் அடியில் ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்துச் சமப்படுத்தினார் பாஸ்.

தட்டுகளை நான்கு நான்காக வாங்க வேண்டும்

கருவி வாங்குகிறவர்கள் அதிகமாக இடறும் இடம் இது. பார்பெல்லுக்குத் தட்டுச் சோடியாக இருந்தால் போதும். இங்கே சட்டம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் முனை இரண்டு. ஆக ஒவ்வொரு எடையிலும் நான்கு தட்டு வேண்டும். பெரிய எடையில் இரண்டு மட்டும் வாங்கினால் அது இந்தப் பயிற்சிக்குப் பயன்படாது.

நாங்கள் 10, 5, 2.5 கிலோவில் நான்கு நான்கு எடுத்தோம். சட்டம் ஆறரை. 5 கிலோத் தட்டு இரண்டு ஏற்றினால் ஒரு கைக்கு 16.5. அதோடு 2.5 சேர்த்தால் 21.5. பிறகு 26.5, 31.5, 36.5. எல்லாம் ஏற்றினால் 41.5. ஒவ்வொரு படியும் கைக்கு 5 கிலோ, இரண்டு கைக்கும் சேர்த்து 10 கிலோ. ஆண்களுக்கு இந்தப் படி பரவாயில்லை, மெலிந்தவர்களுக்குப் பெரிய படி. 1.25 கிலோத் தட்டு நான்கு இருந்திருந்தால் படி பாதியாகியிருக்கும். அன்று கடையில் கிடைக்கவில்லை.

தட்டு உள்ளே நகராமல் இருக்கக் கம்பியில் ஒரு வளையத்தைப் பற்றவைத்தோம், வெளியே வராமல் இருக்கச் சுருள் கிளிப். நடக்கும்போது தட்டு இரண்டு சென்ரிமீற்றர் நகர்ந்தாலே சட்டம் ஒரு பக்கம் குனியும். ஒவ்வொரு முறையும் தூக்குவதற்கு முன் கிளிப்பைத் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினோம்.

எங்கே நடப்பது, யார் நடக்கக் கூடாது

மலையில் சமதரை கிடைப்பது கஷ்டம். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் உள்ள வெளி ஒன்றுதான் சரியாக இருந்தது. கோயில் கமிட்டிப் பெரியவர்கள் மாலைப் பூசைக்கு முன்னால் முடித்துக்கொள்ளும்படி சொல்லி அனுமதி தந்தார்கள். 20 மீற்றர் நடந்து, பாரத்தை இறக்கி, திரும்பி நின்று மறுபடி தூக்கி வருவது. பாரத்தோடு திரும்பினால் சட்டம் சுழன்று முழங்காலில் அடிக்கும். இறக்கும் இடத்தில் பழைய டயரை வெட்டி விரித்தோம், கோயில் தரைக்கும் சேதமில்லை, தட்டுக்கும் இல்லை. செருப்போடு வந்தவர்களைக் கென்வஸ் சப்பாத்துப் போட்டு வரச் சொன்னோம்.

தொடக்கப் பாரமாக ஒருவரின் உடல் எடையில் கால் பங்கை ஒவ்வொரு கைக்கும் வைத்தேன். 62 கிலோ ஆளுக்கு அது 16.5க்குப் பக்கத்தில் வருகிறது. 20 மீற்றரை நிமிர்ந்து, தோள் தொங்காமல், அடி தடுமாறாமல் நடந்து முடித்தால்தான் அடுத்த படி. நடை கெட்டால் பாரம் இறங்கும். யாரும் யாரோடும் பாரத்தில் போட்டி போடக் கூடாது. இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு விதியை நானே வைத்தேன், அதில் விட்டுக்கொடுக்கவும் இல்லை. முதுகில் 16 லீற்றர் மருந்துத் தாங்கியைச் சுமந்து பகல் முழுக்க அடித்தவர், மடுவத்தில் லொறி ஏற்றியவர், அன்று மாலை பாரம் தூக்கக் கூடாது. அவருடைய பங்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. தசை வளர்வது தூக்கும்போது இல்லை, தூக்கியபின் ஓய்வில்தான். நகரத்தில் நாற்காலியில் இருந்து வேலை செய்கிறவருக்கு எழுதிய பயிற்சி அட்டவணையைத் தோட்டத்து ஆளுக்கு அப்படியே கொடுப்பது அநியாயம். நம் மக்களின் உடல் ஏற்கெனவே ஒரு நாள் கூலிக்காக வேலை செய்துவிட்டு வருகிறது. இதைக் கணக்கில் எடுக்காத எந்தப் பயிற்சியாளரையும் நான் ஏற்க மாட்டேன்.

என்ன மாறியது

தை முதல் பங்குனி வரை மேற்குச் சரிவில் மழை குறைவு. அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மாலைகள் நடந்தார்கள். பங்குனி முடிவில் பெரும்பாலான ஆண்கள் கைக்கு 31.5 கிலோவை நிமிர்ந்து கொண்டுபோனார்கள், இரண்டு பேர் 36.5 வரை. தொடக்கத்தில் 16.5லேயே பாதி வழியில் விரல் விரிந்தவர்கள் இவர்கள். அவர்களுடைய நடையும் மாறியது. அடி குட்டையாகி, வேகமாகி, தோள் ஆட்டம் குறைந்தது. பாரத்தோடு நடக்கும்போது அப்படித்தான் நடக்க வேண்டும்.

சித்திரை விழாவில் முதல் இரண்டு சுற்றுகளையும் வென்றார்கள். கயிறு நழுவவில்லை. இறுதிச் சுற்றில் தோற்றார்கள். மத்தியான இடிமழையில் மைதானம் சேறாகி, இந்த முறை கால்தான் வழுக்கியது. எதிரணியின் சப்பாத்து நம்முடையதைவிட நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். கை பற்றிய முறைப்பாடு ஒருவரிடமிருந்தும் வரவில்லை.

பாமர்ஸ் வோக் மட்டும் கயிறிழுத்தலுக்குப் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே கை நேராகத் தொங்கி, உள்ளங்கை தொடையைப் பார்க்கிறது. கயிற்றில் இரண்டு உள்ளங்கையும் மேல்நோக்கி இருக்க, உடல் பின்னால் சாய்கிறது. விரல்கள் தாங்கும் நேரம் கூடுவது இரண்டுக்கும் பொது, மற்றது வேறு. அதனால் ஒவ்வொரு மாலையும் நடை முடிந்ததும் மரத்தில் கட்டிய கயிற்றைச் சாய்ந்து பிடித்து நிற்கும் பயிற்சியையும் சேர்த்தோம். ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் அந்தக் கயிற்றைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் நேரமிருந்தால் சட்டம் தரும் பலன் பெரியது.

பெண்கள் அணி

இதைப் பார்த்துப் பெண்களும் அணி சேர்த்திருக்கிறார்கள். கொழுந்து எடுக்கும் அக்காமார், படிக்கும் தங்கச்சிமார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவில் நிற்கும் அவர்களுக்கு நடு உடலில் இருக்கும் உறுதி எனக்கு வியப்பு. கை மட்டும் சின்னது. 33.7 மில்லிமீற்றர்ப் பிடியில் பெருவிரல் மற்ற விரல்களைத் தொடவில்லை. அதனால் அவர்கள் தூக்கக்கூடிய பாரத்துக்கு வெகு முன்னாலேயே கை விட்டுவிடுகிறது. அவர்களுக்கு ¾ அங்குலப் பைப்பில், அதாவது வெளி விட்டம் 27 மில்லிமீற்றருக்குப் பக்கத்தில், இன்னொரு சோடி செய்யலாம் என்றேன்.

அணித்தலைவி அக்கா உடனே மறுத்தார்: "விழாவில எங்களுக்குன்னு மெல்லிசாக் கயிறு தர மாட்டாங்களே சேர்."

அவர் சொன்னது சரி. பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பாரம் கூட்டிக் காலையும் முதுகையும் பழக்கும் நடைகளுக்கு மெல்லிய பிடி. ஒவ்வொரு மாலையும் கடைசி நடை மட்டும் பாரத்தைக் குறைத்துப் பழைய தடித்த பிடியில். பிடியின் உயரமும் அவர்களுக்கு மாற வேண்டும். உயரம் குறைந்தவர் நிமிர்ந்து நிற்கும்போது சட்டத்தின் கால் தரைக்கு மிகக் கிட்டத்தில் வருகிறது, மேடு பள்ளத்தில் தட்டும். அதனால் புதிய சோடியில் பிடியைக் கம்பிக்கு மேலே 15 சென்ரிமீற்றரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தூக்க ஐந்து சென்ரிமீற்றர் கூடுதலாகக் குனிய வேண்டிவரும். அதற்கு இரண்டு புளொக் கல்லின்மேல் சட்டத்தை வைத்துத் தூக்கினால் போதும்.

கம்பியும் பைப்பும் பட்டறைக்குப் போய்விட்டன. இந்தச் சம்பளத்தில் அக்காமார் சேர்த்த காசுக்கு முதலில் வாங்கப் போவது 1.25 கிலோத் தட்டு, நான்கு.